டைரி எழுத நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இருபது வருடத்துக்கு மேலாக டைரி எழுதிவருகிறேன். ஒரு நாள் விடாமல் எழுதினேன் என்று சொன்னால் பொய். நடுவில் ஒருமுறை பதினான்கு மாதம் நோட்டைத் திறக்கவே இல்லை. இது தெரிந்த நண்பர்கள் என்னிடம் கேட்டவை, நானே என்னைக் கேட்டுக்கொண்டவை எல்லாம் சேர்ந்து இவ்வளவு கேள்விகள் ஆகிவிட்டன. அதிகாலையில் எழுவதற்கும், எடை குறைப்பதற்கும், இலக்கை எட்டுவதற்கும் டைரி எழுதுகிறவர்கள் உண்டு. அவர்களுக்குச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. வாழ்கிற நாளை இன்னும் கொஞ்சம் ரசிக்கவும், ‘நான் எப்படிப்பட்ட ஆள்’ என்று தெரிந்துகொள்ளவும் எழுத நினைப்பவர்களுக்கானது இது.

என் வாழ்க்கையில் எழுதுகிற அளவுக்கு ஒன்றும் நடப்பதில்லையே. எதை எழுதுவது?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். ஒரே நாளைப் பற்றிய இரண்டு பதிவுகளைப் பாருங்கள். முதலாவது:

‘இன்று வழக்கம்போல் போனது. வேலை அதிகம். மாலையில் மழை. சீக்கிரம் படுத்துவிட்டேன்.’

இரண்டாவது:

‘மழை விட்ட பிறகு ஒரு சிறுவன் விரித்த குடையோடு வீட்டுக்குள் நுழையப் பார்த்தான். குடை வாசலில் சிக்கிக்கொண்டது. மடக்க வேண்டும் என்று தோன்றவில்லை போல. திரும்பி நின்று முதுகுப்பக்கமாக நுழைந்து பார்த்தான். நான் சிரிப்பதைப் பார்த்து அவனும் சிரித்தான். முன்பல் ஒன்று விழுந்திருந்தது.’

இரண்டுக்கும் எழுதும் நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. பத்து வருடம் கழித்துப் படித்தால் முதலாவதில் எதுவும் இருக்காது. அதே வரிகள் வேறு முந்நூறு நாட்களிலும் இருக்கும். இரண்டாவதைப் படித்தால் அந்தச் சாயங்காலம் முழுசாகத் திரும்பி வரும், எழுதாத மழை வாசனையும் சேர்ந்து. நாளை முழுக்கச் சொல்ல முயலாமல் அதிலிருந்து ஒரே ஒரு காட்சியை எடுங்கள். யார் இருந்தார்கள், கை என்ன செய்துகொண்டிருந்தது, என்ன சத்தம் கேட்டது, யார் எந்த வார்த்தையைச் சொன்னார்கள் என்று எழுதுங்கள். ‘அழகாக இருந்தது’ என்று எழுதத் தோன்றினால் எது அழகாக இருந்தது என்று எழுதிவிட்டால் போதும்.

பெரிய சம்பவம் நடந்தாலும் இதே கதைதான். 1666இல் லண்டன் நகரம் பற்றி எரிந்தபோது சாமுவேல் பீப்ஸ் என்ற அரசு அதிகாரி டைரி எழுதிக்கொண்டிருந்தார். தீ பற்றி வரலாற்றுப் புத்தகங்களில் எவ்வளவோ இருக்கிறது. ஆனால் நெருப்பு தன் வீட்டுப் பக்கம் வருகிறதே என்று அவர் தோட்டத்தில் குழி தோண்டித் தன்னுடைய வைனையும் பார்மெசான் பாலாடைக்கட்டியையும் புதைத்து வைத்தார் என்பது அவருடைய டைரியில்தான் இருக்கிறது. ஊரே எரிகிறது, மனிதர் பாலாடைக்கட்டியைப் புதைக்கிறார்! முந்நூற்றைம்பது வருடம் கழித்தும் அவர் நமக்குத் தெரிந்தவர் மாதிரி ஆகிவிடுவது அந்த ஒரு வரியால்தான்.

ஒவ்வொரு வருடமும் ஜனவரியில் தொடங்குகிறேன். பிப்ரவரியைத் தாண்டுவதில்லை. என்னிடம் என்ன குறை?

குறை பெரும்பாலும் தேதி அச்சிட்ட டைரியிடம்தான் இருக்கிறது. ஒரு நாள் தவறினால் வெற்றுப் பக்கம் பல்லிளிக்கும். மூன்று நாள் தவறினால் ‘விட்டதை எல்லாம் எழுதிவிட்டு இன்றைக்கு வரலாம்’ என்று தோன்றும். அந்த நினைப்பு வந்த அன்றே டைரி முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய பாக்கியைத் தீர்க்கவே ஓடாதீர்கள். இன்றைய தேதியைப் போட்டு, இன்றைக்கு உள்ளதை எழுதுங்கள். ‘இத்தனை நாள் எழுதாததற்கு மன்னிக்கவும்’ என்று தொடங்கவும் வேண்டாம். அங்கே மன்னிக்க யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

சாதாரணக் கோடு போட்ட நோட்டுப் போதும். தேதியை நீங்களே போடுங்கள், வருடத்தையும் சேர்த்து. என்னிடம் ஒரு பழைய நோட்டு இருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் ‘செவ்வாய், இரவு’, ‘வெள்ளி’ என்றே எழுதியிருக்கிறேன். எந்த வருடத்துச் செவ்வாய் என்று இன்றுவரை பிடிபடவில்லை. எழுதும்போது அது மறக்கும் என்றா நினைத்தோம்?

வெற்றுப் பக்கத்தைப் பார்த்தாலே பயம் என்பவர்களுக்கு ஐந்து வருட டைரி நன்றாகப் பொருந்தும். ஒரு பக்கம் ஒரு தேதிக்கு. அதில் ஐந்து பகுதிகள், வருடத்துக்கு ஒன்று. நாலைந்து வரிக்கு மேல் இடமே இருக்காது. இரண்டாம் வருடம் எழுத உட்காரும்போது போன வருடம் இதே நாள் என்ன செய்தீர்கள் என்பது கண்ணெதிரே இருக்கும். அந்த ஆர்வமே எழுத இழுத்துவரும்.

தினமும் எழுதியே தீர வேண்டுமா?

வேண்டாம். அதற்காக ‘தோன்றும்போது எழுதுகிறேன்’ என்பதையும் நான் நம்பமாட்டேன். பெரும்பாலானவர்களுக்கு மனசு சரியில்லாதபோதுதான் எழுதத் தோன்றும். சந்தோஷமாக இருக்கும்போது வெளியே இருப்போம், பேசிக்கொண்டிருப்போம், டைரி ஞாபகமே வராது. இப்படியே நாலு வருடம் போனால் நோட்டு முழுக்க அழுகையும் சண்டையுமாக இருக்கும். பிற்பாடு படிக்கிறவர், அது நீங்களாகவே இருந்தாலும், இந்த ஆள் ஒருநாள்கூடச் சிரித்திருக்கமாட்டார் போல என்று நினைப்பார். என்னுடைய முதல் மூன்று நோட்டுகள் அந்த ரகம்.

வாரத்துக்கு மூன்று நாள் என்று வைத்துக்கொண்டாலும் சரி, ஏற்கெனவே செய்கிற ஒரு வேலையோடு அதைக் கட்டிவிடுங்கள். பல் தேய்த்த பிறகு, பயணத்தில் இடம் கிடைத்ததும், விளக்கை அணைக்கும் முன் என்று ஏதாவது ஒன்று. குறைந்தபட்சம் இரண்டு வரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டே வரிதானே என்று உட்கார்ந்தால் பல நாள் இரண்டு பக்கம் வந்துவிடும். வராத நாளில் இரண்டு வரியோடு எழுந்துவிடலாம்.

காலையில் எழுதுவது நல்லதா, இரவிலா?

இரவில் எழுதினால் களைப்பும் புகாரும் கூடுதலாக விழும். நான் காலையில் முந்தைய நாளைப் பற்றி எழுதுகிறேன். தூங்கி எழுந்த பிறகும் நினைவில் நிற்பது எதுவோ அதுதான் எழுத வேண்டியது என்பது என் கணக்கு. சிலருக்குத் தூக்கம் எல்லாவற்றையும் துடைத்துவிடும். அவர்கள் இரவிலேயே எழுதட்டும்.

கையால் எழுதுவதா, ஃபோனில் தட்டுவதா?

கைக்கு எட்டுவது எதுவோ அது. ஃபோனில் தேடலாம், படம் சேர்க்கலாம், தேதி தானாக விழும். கையெழுத்து மெதுவானது. ஒரு சொல்லை எழுதி முடிப்பதற்குள் அடுத்த சொல்லைப் பற்றி யோசிக்க நேரம் கிடைக்கிறது, கோபமாக எழுதினால் எழுத்திலேயே தெரிகிறது. நான் காகிதத்தோடு நின்றுவிட்டதற்குக் காரணம் ரொம்பச் சாதாரணமானது. ஃபோனில் ‘இன்று மனசு’ என்று தட்டும்போதே மேலே ஒரு செய்தி வந்து விழும். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் மனசு வேறெங்கோ போயிருக்கும்.

கை வலிக்கிறவர்களும் பார்வை மங்கியவர்களும் ஃபோனில் பேசிப் பதிவு செய்யலாம். அதுவும் டைரிதான். மேலே சொன்ன பீப்ஸ் 1660இல் தொடங்கிய டைரியை 1669இல் நிறுத்திவிட்டார். கண் போய்விடும் என்று பயம். இனி ஆள் வைத்துத்தான் எழுத வேண்டும், அப்படியென்றால் ஊருக்குத் தெரிந்தால் பரவாயில்லை என்கிற விஷயத்தைத்தானே சொல்ல முடியும் என்று அந்தக் கடைசிப் பதிவில் வருந்துகிறார். பாவம், கடைசிவரை அவருக்குக் கண் போகவில்லை. நமக்கு அந்தச் சிக்கல் இல்லை. இயந்திரத்திடம் தனியாகப் பேசிக்கொள்ளலாம். ஆனால் செயலியில் எழுதினால் வருடத்துக்கு ஒருமுறையாவது எல்லாவற்றையும் சாதாரண எழுத்துக் கோப்பாக இறக்கி வேறிடத்தில் சேமித்து வையுங்கள். நிறுவனம் கடையைச் சாத்தும்போது நம் டைரியை நினைத்துப் பார்க்காது.

எந்தப் பேனா, எந்த நோட்டு வாங்கலாம்?

விலை உயர்ந்த நோட்டு வாங்காதீர்கள் என்பதே முதல் ஆலோசனை. தோல் அட்டை போட்ட அழகான நோட்டில் அற்பமான விஷயத்தை எழுத மனசு வராது. டைரியோ அற்பமான விஷயங்களால்தான் நிறைய வேண்டும். மைப் பேனா பிரியர்கள் 80 ஜிஎஸ்எம்முக்கு (காகிதத்தின் கனத்தைக் குறிக்கும் அளவு) குறையாத காகிதம் பார்த்து வாங்கினால் மை பின்பக்கம் ஊறுவது குறையும்.

தேய்த்தால் அழிகிற ஜெல் பேனாவை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அந்த மை அழிவது தேய்ப்பதால் அல்ல, தேய்க்கும்போது உண்டாகும் சூட்டால். ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸில் நிறம் போய்விடும். வெயிலில் நிறுத்திய காரில் நோட்டை விட்டுவிட்டால் பக்கங்கள் வெளுத்துப்போகலாம். ஃப்ரீசரில் வைத்தால் எழுத்து ஓரளவு திரும்பும் என்பது ஒரு வேடிக்கை. அதே மாதிரி, ரசீதையோ டிக்கெட்டையோ ஞாபகத்துக்காக ஒட்டுகிறவர்கள், அது வழுவழுவென்ற வெப்ப அச்சுக் காகிதமா என்று பாருங்கள். சில வருடத்தில் வெறும் வெள்ளைத் தாள்தான் மிஞ்சும். என்னிடம் அப்படி ஆறேழு வெள்ளைத் தாள்கள் பத்திரமாக இருக்கின்றன.

எனக்கு நல்ல தமிழ் வராது. பிழை வரும், ஆங்கிலம் கலக்கும், பேச்சுமொழியில்தான் வருகிறது. பரவாயில்லையா?

பேச்சுமொழியில் வந்தால் கொடுத்துவைத்தவர் நீங்கள். ஒருவர் ‘என்னத்த எழுதி என்னத்த ஆகப்போவுது’ என்று சலித்துக்கொண்டார் என்று வையுங்கள். அதை ‘எழுதுவதால் பயன் ஏதும் விளையாது என்று கூறினார்’ என்று எழுதிவைத்தால் ஆள் காணாமல் போய்விடுவார். அவர் குரலும் போய்விடும், அந்தச் சலிப்பும் போய்விடும். பேச்சை அப்படியே எழுதுங்கள், இழுவையோடு, தப்போடு. பள்ளிக்கூடத்துக் கட்டுரைத் தமிழ் நமக்குள் ஆழமாக இறங்கியிருக்கிறது. பேனாவை எடுத்ததும் முதுகு நிமிர்ந்துகொள்கிறது. ‘இன்பச் சுற்றுலா’ நடையிலிருந்து வெளியே வர எனக்கே ஒரு நோட்டு செலவானது. எழுத்துப்பிழையைப் பற்றிக் கவலையே வேண்டாம். மதிப்பெண் போட அங்கே ஆள் இல்லை.

யாரை நினைத்துக்கொண்டு எழுதுவது?

யாரையாவது நினைத்துக்கொண்டால் எழுத எளிது. நாஜிகளுக்குப் பயந்து நெதர்லாந்தில் ஒளிந்து வாழ்ந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க் 1942இல் தன் பதின்மூன்றாவது பிறந்தநாளுக்குக் கிடைத்த நோட்டில் கிட்டி என்ற கற்பனைத் தோழிக்குக் கடிதமாகவே எழுதினாள். நீங்கள் இறந்துபோன பாட்டிக்கு எழுதலாம், பத்து வருடம் கழித்து வரப்போகிற உங்களுக்கே எழுதலாம். நான் யாருக்கும் எழுதுவதில்லை. ஆனால் கோபமாக இருக்கும்போது மட்டும் எப்படியோ அது ஒரு வக்கீலுக்கு எழுதிய மாதிரி ஆகிவிடுகிறது.

எழுதும்போதே நான் நடிக்கிறேன் என்று தோன்றுகிறது. யாரோ படிக்கப்போகிறார்கள் என்பதுபோல் அழகுபடுத்துகிறேன். இது பொய்தானே?

பொய் என்று சொல்லமாட்டேன். எல்லோரும் செய்வதுதான். 1944இல் லண்டனிலிருந்து ஒலிபரப்பான வானொலியில், போர்க்காலத்து டைரிகளையும் கடிதங்களையும் பாதுகாத்து வையுங்கள் என்று டச்சு அமைச்சர் ஒருவர் கேட்டுக்கொண்டார். அதைக் கேட்ட பிறகு ஆன் தன் டைரியைப் பிறர் படிப்பதற்காகத் திருத்தி எழுதத் தொடங்கினாள். முதலில் எழுதியதும் திருத்தியதும் இரண்டுமே இன்று இருக்கின்றன. திருத்தியதால் அவள் பொய்க்காரி ஆகிவிடவில்லை.

ஆனால் நடிக்கிறோம் என்று தெரிந்த இடத்தில் ஒரு சின்னக் கோடு போட்டு வையுங்கள். நான் ஓரத்தில் ‘உண்மையாகவா?’ என்று எழுதுவேன். ‘அவனை மன்னித்துவிட்டேன்’ என்று பெருந்தன்மையாக எழுதிவிட்டு, பக்கத்தில் ‘உண்மையாகவா?’ என்று எழுதினால் அடுத்த பத்தியில் உண்மை வந்துவிடும். பெரும்பாலும் அது கொஞ்சம் அசிங்கமாக இருக்கும்.

மகிழ்ச்சிக்காக எழுதுவது என்றால் நல்ல விஷயங்களை மட்டும்தான் எழுத வேண்டுமா? நன்றிப் பட்டியல் எழுதிப் பார்த்தேன், ஒரே மாதத்தில் அலுத்துவிட்டது.

அலுக்கத்தான் செய்யும். ‘குடும்பம், ஆரோக்கியம், நண்பர்கள்’ என்று நாலாவது நாளும் எழுதினால் அது விண்ணப்பப் படிவம் நிரப்புவது மாதிரி ஆகிவிடும். உளவியலாளர் சோன்யா லியுபோமிர்ஸ்கியும் சகாக்களும் செய்த ஓர் ஆய்வு இங்கே பொருந்தும். ஆறு வாரம் நன்றிக்குரியவற்றை எழுதச் சொன்னார்கள். வாரத்துக்கு ஒருமுறை எழுதியவர்களின் மகிழ்ச்சி கூடியது. வாரத்துக்கு மூன்று முறை எழுதியவர்களுக்குக் கூடவில்லை. கடமையானதும் ருசி போய்விடுகிறது என்பதுதான் அவர்கள் சொன்ன விளக்கம். ஆக, வாரத்துக்கு ஒன்று போதும். அதையும் குறிப்பாக எழுதுங்கள். ரோமப் பேரரசர் மார்க்கஸ் ஆரேலியஸ் இரண்டாம் நூற்றாண்டில் தனக்கென்று கிரேக்க மொழியில் எழுதிய குறிப்புகள் இன்றும் இருக்கின்றன. அதன் முதல் பகுதி முழுக்க, யாரிடமிருந்து எதைக் கற்றேன் என்பதுதான். தாத்தாவிடமிருந்து இது, தாயிடமிருந்து இது, ஆசிரியரிடமிருந்து இது என்று ஆளுக்கு ஆள் தனித்தனியாகச் சொல்கிறார். ‘எல்லோருக்கும் நன்றி’ என்று மேடையில் சொல்வதுபோல் சொல்லிப் போய்விடவில்லை.

நல்லதை மட்டுமே எழுதுவது எனக்கு ஒத்துவரவில்லை. பக்கத்தில் புலம்பலும் இருந்தால்தான் நல்லது எவ்வளவு நல்லது என்று தெரிகிறது.

என்னை நானே தெரிந்துகொள்ளலாம் என்கிறார்கள். எழுதினால் போதுமா? எனக்கு ஒன்றும் தெரிந்த மாதிரி இல்லையே.

எழுதினால் மட்டும் போதாது, திரும்பப் படிக்க வேண்டும். டைரி எழுதுகிற பலர் இதைச் செய்வதே இல்லை. எழுதி மூடிவைத்துவிட்டு, ஏன் ஒன்றும் புரியவில்லை என்று கேட்கிறார்கள்.

மேரியன் மில்னர் என்ற பிரிட்டிஷ் பெண்மணி 1926இல் ஒரு டைரி தொடங்கினார். பின்னாளில் பெயர்பெற்ற உளப்பகுப்பாய்வாளர் ஆனவர். அப்போது அவருக்கு இருபதுகளின் நடுவில் வயது. தனக்கு உண்மையில் எது மகிழ்ச்சி தருகிறது என்பதே தெரியவில்லை என்பதுதான் அவருடைய சிக்கல். அதனால் மகிழ்ச்சியாக இருந்த கணங்களைக் குறித்துவைத்து, ஏழு வருடம் கழியும்வரை அவற்றைக் கிளறிக்கிளறிப் பார்த்தார். மகிழ்ச்சி தரும் என்று ஊர் சொன்னவை, தானும் நம்பியவை பலவும் அந்தப் பக்கங்களில் காணோம். எதைப் பார்க்கிறோம் என்பதைவிட எப்படிக் கவனிக்கிறோம் என்பதில் நிறைய அடங்கியிருக்கிறது என்று கண்டுகொண்டார். ஒன்றை அடைய வேண்டும் என்று குறுக்கிப் பார்க்கும் பார்வை ஒன்று. எதுவும் வேண்டாமல் அகலமாகப் பார்ப்பது இன்னொன்று. அந்த இரண்டாவது பார்வை வாய்த்தபோதெல்லாம் மகிழ்ச்சி இருந்தது. 1934இல் ஜோனா ஃபீல்ட் என்ற புனைபெயரில் அதைப் புத்தகமாக வெளியிட்டார்.

ஏழு வருடம் காத்திருக்க வேண்டாம். மூன்று மாதம் எழுதியதும் ஒரு மதியம் ஒதுக்கிப் பென்சிலோடு உட்காருங்கள். திரும்பத் திரும்ப வரும் சொற்களைச் சுழியுங்கள். அடிக்கடி வருகிற பெயர் எது, வந்திருக்க வேண்டியதாக இருந்தும் வராத பெயர் எது என்று பாருங்கள். எந்த இடத்தில் வரிகள் நீண்டு, விவரம் கூடி, கை உற்சாகமாக ஓடியிருக்கிறது என்று பாருங்கள். ‘சந்தோஷம்’ என்ற சொல் அங்கே இருக்காது. ஆனால் சந்தோஷம் அங்கேதான் இருக்கும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குப் பிடித்த நாள் என்று நாற்பது வயதுவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு வருட நோட்டைத் திரும்பப் படித்தபோது ஞாயிறுகள் எல்லாம் ஒன்றுபோல வெறிச்சோடிக் கிடந்தன. ‘ஒன்றும் செய்யவில்லை’, ‘மத்தியானம் தூங்கித் தலை கனத்தது’. உயிரோட்டமான பக்கங்கள் எல்லாம் வேலை நாட்களின் காலைகள், அதுவும் வேலைக்கு நடந்துபோகிற அந்த இருபது நிமிடம். யாருடைய நாய், எந்தச் சுவரில் புது விரிசல், எதிரில் வரும் கிழவர் இன்றைக்குத் தொப்பி போட்டாரா என்று பக்கம் பக்கமாக. நான் ஓய்வை விரும்புகிற ஆள் இல்லை, நடக்க விரும்புகிற ஆள் என்பது அன்றுதான் தெரிந்தது. இப்போது ஞாயிறும் காலையில் நடக்கிறேன்.

இன்னொன்று. ஒரு நண்பரைப் பார்த்துவிட்டு வந்த நாட்களில் எல்லாம் ‘தலைவலி’ என்று எழுதியிருந்தேன். எட்டு இடத்தில்! நட்பையே சந்தேகப்படும் அளவுக்குப் போய்விட்டேன். பிறகு யோசித்தால், நாங்கள் எப்போதும் இரைச்சலான இடத்தில்தான் சந்திக்கிறோம், கத்திக் கத்திப் பேசுகிறோம். இடத்தை மாற்றினோம். நண்பர் தப்பித்தார்.

சார்லஸ் டார்வின் ஒரு பழக்கம் வைத்திருந்தார். தன் முடிவுக்கு எதிரான தகவலோ எண்ணமோ கண்ணில் பட்டால் உடனே குறித்துவைத்துவிடுவார். சாதகமானவற்றைவிட அவைதான் சீக்கிரம் மறந்துபோகின்றன என்று அனுபவத்தில் கண்டதாகச் சொல்லியிருக்கிறார். நம்மைப் பற்றி நாமே வைத்திருக்கும் முடிவுகளுக்கும் இதைச் செய்து பார்க்கலாம். ‘நான் பொறுமைசாலி’ என்று நம்புகிறவர், பொறுமை இழந்த நாளை மட்டும் கவனமாக எழுதிவைக்கட்டும். ‘எனக்கு யாரும் இல்லை’ என்று நினைப்பவர், யாராவது வந்து விசாரித்த நாளை.

கோபத்தையோ துக்கத்தையோ எழுதினால் குறைவதற்குப் பதிலாகக் கூடுகிறது. நிறுத்திவிடலாமா?

எழுதிய உடனே பாரம் கூடுவது சகஜம். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாள், தினம் பதினைந்து நிமிடம், தங்களை உலுக்கிய சம்பவத்தைப் பற்றி எழுதச் சொன்னார். என்ன நடந்தது, என்ன உணர்ந்தேன் என்று இரண்டையும் எழுதியவர்கள் எழுதி முடித்ததும் இன்னும் சோர்ந்துதான் போனார்கள். ஆனால் அடுத்து வந்த மாதங்களில் மற்றவர்களைவிடக் குறைவாகவே மருத்துவ மையத்துக்குப் போனார்கள். பிறகு எழுதியவற்றை ஆராய்ந்தபோது இன்னொன்று தெரியவந்தது. ‘ஏனென்றால்’, ‘இப்போது புரிகிறது’ போன்ற சொற்கள் நாளுக்கு நாள் கூடியவர்களுக்குத்தான் பலன் அதிகம். அதாவது சம்பவம் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு கதையாகத் திரள வேண்டும்.

ஒரே புலம்பலை ஒரே வார்த்தைகளில் மூன்றாவது வாரமும் எழுதுகிறீர்கள் என்றால் அது ஆறுதல் தரவில்லை, புண்ணைச் சொறிகிறது. அப்போது ‘நான்’ என்பதை விட்டுவிட்டு ‘அவள்’, ‘அவன்’ என்று உங்களைப் பற்றியே எழுதிப் பாருங்கள். ‘அன்று அவள் ஃபோனை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அழுதிருப்பாள்.’ கொஞ்சம் தள்ளி நின்று பார்க்க முடியும். கடிகாரம் வைத்துப் பதினைந்து நிமிடத்தில் நிறுத்திவிடுங்கள். அந்தப் பக்கம் உங்களை மேலும் கீழே இழுத்தால் மூடிவைத்துவிட்டு ஒரு மனிதரிடம் பேசுங்கள். தூக்கம் கெட்டு, உயிரோடிருக்கவே பிடிக்கவில்லை என்ற அளவுக்குப் போனால் டாக்டரிடம் போக வேண்டும். டைரி மருந்தாகாது.

யாராவது எடுத்துப் படித்துவிட்டால்?

இந்தப் பயம் இருக்கும்வரை உண்மை வராது. அதனால் முதலில் இதற்கு ஒரு வழி செய்துவிடுங்கள். பீப்ஸ் சுருக்கெழுத்தில் எழுதினார். நீங்கள் பெயர்களுக்குப் பதில் உங்களுக்கு மட்டும் புரிகிற பட்டப்பெயர் வைக்கலாம். அது தனி இன்பம். பூட்டு போட்ட டைரியைப் பரிந்துரைக்கமாட்டேன், பூட்டே ‘வா, வந்து பார்’ என்று கூப்பிடும். ‘மின்கட்டணக் கணக்கு’ என்று அட்டையில் எழுதிய நோட்டை யாரும் தொடுவதில்லை.

நீங்களாகவே காட்டுவதாக இருந்தாலும் ஒருமுறைக்கு இரண்டுமுறை யோசியுங்கள். டால்ஸ்டாய் 1862இல், கல்யாணத்துக்குச் சில நாள் முன், ஒளிவுமறைவு இருக்கக் கூடாது என்று தன் பழைய டைரிகளைப் பதினெட்டு வயது சோஃபியாவிடம் படிக்கக் கொடுத்தார். அவருடைய முந்தைய உறவுகள் எல்லாம் அதில் இருந்தன. சோஃபியாவை அது எவ்வளவு காயப்படுத்தியது என்பது சோஃபியாவே எழுதிய டைரியில் இருக்கிறது. டால்ஸ்டாய் நேர்மையாகத்தான் நடந்தார். ஆனால் டைரி என்பது ஒரு மனிதர் தனக்குள் போட்டுக்கொள்ளும் சண்டையின் பதிவு. அதை இன்னொருவர் வாக்குமூலமாகப் படித்தால் தாங்கமுடியாது.

என் மகளின் டைரி கண்ணில் பட்டது. படிக்கலாமா?

கூடாது. அவள் உயிருக்கு ஆபத்து என்று நினைக்க வலுவான காரணம் இருந்தால் ஒழிய, கூடாது. ஒருமுறை படித்தது தெரிந்தால் அவள் அதற்குப் பிறகு உங்களுக்காகவே ஒரு டைரி எழுதுவாள்.

சின்னக் குழந்தைகளை எழுத வைக்கலாமா?

நோட்டைக் கொடுங்கள், வேலையாகக் கொடுக்காதீர்கள், திருத்தாதீர்கள். எழுத வராத வயதில் படம் போடட்டும், அவர்கள் சொல்வதை நீங்கள் கீழே எழுதிக் கொடுங்கள்.

பெரியவர்கள் படம் போடலாமா? ஒட்டலாமா?

தாராளமாக. ஒரு கோப்பையை வரைய ஐந்து நிமிடம் அதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த ஐந்து நிமிடம்தான் லாபம். படம் எப்படி வந்தாலும் சரி.

எழுதக் கேள்விகளோ தூண்டுதல்களோ தேவையா?

கை ஓடாத நாளுக்கு நாலைந்து வைத்துக்கொள்ளலாம். ‘உங்கள் வாழ்வின் நோக்கம் என்ன’ மாதிரிக் கேள்விகள் எனக்குக் கொட்டாவி வரவழைக்கின்றன. சின்னக் கேள்விகள்தான் வேலை செய்கின்றன. நேற்று எதைச் சொல்ல வாயெடுத்துச் சொல்லாமல் விட்டேன்? யாருடைய கையை நேற்றுக் கவனித்தேன்? எதைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்? கடைசியாக எப்போது நேரம் போனதே தெரியாமல் இருந்தேன்? பொறாமையைப் பற்றிய கேள்வியை விடாதீர்கள். நமக்கு என்ன வேண்டும் என்பதை அதுபோல் ஒளிக்காமல் சொல்வது வேறில்லை.

பட்டியலும் போடலாம். ஜப்பானிய அரசவையில் பணிபுரிந்த சேய் ஷோனகோன் ஆயிரம் வருடத்துக்கு முன்பே எரிச்சலூட்டுபவை, நெஞ்சைப் படபடக்க வைப்பவை என்று பட்டியல் பட்டியலாக எழுதியிருக்கிறார். எரிச்சல் பட்டியல் எழுதிப் பாருங்கள். எழுதி முடிக்கும்போது பாதி எரிச்சல் சிரிப்பாகிவிடும். என் பட்டியலில் முதல் இடம், மூடியைத் திருகாமல் சும்மா மேலே வைத்துவிட்டுப் போகிறவர்களுக்கு.

பழைய நோட்டுகளை என்ன செய்வது? கிழித்துப் போடலாமா?

உங்களுடையது, கிழிக்கலாம். ஆனால் கோபத்தில் கிழிக்காதீர்கள். ஆறு மாதம் ஒரு உறையில் போட்டு ஒட்டி வையுங்கள். பிறகும் வேண்டாம் என்றால் போகட்டும். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கம் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு அவர் வீட்டில் கிடந்து, இறந்து எண்பது வருடத்துக்குப் பிறகே வெளியார் கண்ணில் பட்டது. நம்முடையது அப்படி வரலாறு ஆகப்போவதில்லை. ஆனால் ஒரு பேரப்பிள்ளைக்கு நம் குரல் எப்படி இருந்தது என்று தெரிய ஒரு நோட்டுப் போதும்.

வைத்துக்கொள்வதாக இருந்தால் ஈரமில்லாத இடத்தில், தரையில் படாமல், முதுகில் வருடம் எழுதி வையுங்கள். உங்களுக்குப் பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள். என் பெட்டியின் மூடிக்குள் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்: ‘முதல் மூன்று நோட்டையும் படிக்காமல் கிழித்துவிடவும். மற்றவை உங்கள் இஷ்டம். ஆறாவதில் கையெழுத்து மோசமாக இருக்கும், அந்த வருடம் பூராவும் நடந்துகொண்டே எழுதினேன்.’